பெரியப்பா வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய டிஷ்

மகளே,

இந்தக் கடிதத்தை உனக்கு வேலை கிடைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது உனக்கு மூன்றரை வயது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, அதுதான் சரி என்று என்னோடு சண்டை போடுகிறாய். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. எனக்கும் பொறுமை கிடையாது. சுற்றி வளைத்துப் பேசவும் வராது. அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் உன் பெரியப்பா வீட்டில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். கூரையில் இருந்த டிஷ்ஷைக் கழற்றிவிட்டு, இன்டர்நெட்டில் நாடகமும் படமும் பார்க்கிற பெட்டியை மாட்டிக் கொடுத்தேன். அதனால் அவர் செத்துப் பிழைத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஆறு மாதப் பயிற்சிக்குப் பினாங்குக்குப் போகிறேன். உன் அம்மாவுக்கு ஷிஃப்ட் வேலை. அந்த ஆறு மாதமும் நீ பகலெல்லாம் அதே வீட்டில், பெரியம்மாவிடம்தான் இருக்கப்போகிறாய். அவர் எப்படி ஒத்துக்கொண்டார் என்பது உனக்குத் தெரிய வேண்டும். வேலைக்குப் போக ஆரம்பித்த பிள்ளைகள்தான் வீட்டில் இருப்பதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக எதையாவது மாட்டுவார்கள். நீயும் செய்வாய். செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

பெரியப்பா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் பள்ளியில் படிவம் மூன்றில் இருந்தபோது எங்கள் அப்பாவும், அடுத்த வருடமே அம்மாவும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு வீடு என்றால் அண்ணன் வீடுதான், சோறு என்றால் அண்ணி கையால்தான். அண்ணன் கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்குப் போகிற செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டினார். நான் பாலிடெக்னிக்கில் படித்தேன், செனாவாங்கில் ஒரு ஃபேக்டரியில் மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலைக்கு வந்தேன். அவருக்கு முப்பது வயதிலேயே இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வந்துவிட்டது. லாரிக்காரருக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இல்லை. மாத்திரையும் அப்படித்தான் போனது. நாற்பது தாண்டியதும் கண் போக ஆரம்பித்தது. இப்போது அவருக்கு வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும். கடிகார முள் தெரியாது. பெரியம்மா இன்னும் தோட்டத்து நாற்றுப்பண்ணையில் வேலை செய்வதால் அந்தத் தோட்டத்து வீடு அவர்களிடமே இருக்கிறது. காலை இன்சுலின் ஊசியைப் பெரியம்மா போட்டுவிட்டு வேலைக்குப் போவார். சாயங்கால ஊசியை மட்டும் பெரியப்பா விட்டுக்கொடுக்கமாட்டார். "எல்லாத்தையும் நீயே செஞ்சா நான் எதுக்கு ஆம்பளைன்னு உக்காந்திருக்கேன்" என்பார். அந்த ஊசி ஒரு தடித்த பேனா மாதிரி இருக்கும். பின்பக்கத்தைத் திருகினால் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு 'டிக்' கேட்கும். பதினெட்டு டிக் எண்ணி, சட்டையைத் தூக்கி, வயிற்றில் குத்திக்கொள்வார். அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். கண் தெரியாதவர் செய்வதற்கு அதைவிட ஒழுங்கான வேலை கிடையாது.

இனி டிஷ். அதை எனக்குப் பிடிக்காது. மேகம் கறுத்தாலே படம் கட்டம் கட்டமாக உடையும், மழை விழுந்தால் திரையில் ஒரு வரி மட்டும் நிற்கும். பெட்டி பழசு, ரிமோட்டின் பாதிப் பொத்தான் வேலை செய்யாது. மாதம் தவறாமல் பில் கட்டிவிட்டு அவர்கள் பார்த்ததெல்லாம் சாயங்காலத்தில் அடுத்தடுத்து வருகிற இரண்டு நாடகங்கள். ஆறரைக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று. பெரியப்பா பார்ப்பதில்லை, கேட்பார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும். இரண்டு நாடகத்துக்காகக் கூரையில் ஒரு டிஷ்ஷா? ஒரு சனிக்கிழமை புதுப் பெட்டியும் ரூட்டரும் வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். போவதற்கு முன்பே டிவி கம்பெனிக்கு அண்ணன் சார்பில் நானே பேசி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டேன். அவர்களிடம் கேட்டேனா? கேட்கவில்லை. போய்ச் சொன்னேன்.

"அண்ணி, பாக்குறது ரெண்டு நாடகம். மழ வந்தா அதுவும் போச்சு. இது எதுக்கு?"

"அதுக்கென்ன தம்பி, மழ நின்னா வந்துடுதுலா."

அதற்குள் நான் ஸ்பேனரோடு ஏணியில் பாதி ஏறியிருந்தேன். பெரியப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி சத்தம் வந்த பக்கம் முகத்தைத் தூக்கிச் சிரித்தார். "விடு லெட்சுமி. இஞ்சினியரு ஏறிட்டாரு. இனிமே நீ சொல்லி எறங்கமாட்டாரு."

அன்று சாயங்காலமே டிஷ்ஷைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். புதுப் பெட்டியில் அவர்களுடைய இரண்டு நாடகங்களையும் தேடி முன்னால் வைத்தேன். விளம்பரம் இல்லை, மழைத் தொல்லை இல்லை, படம் கண்ணாடி மாதிரி. பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது மணிக்கு வராதா தம்பி?"

"நீங்க எப்ப போடுறீங்களோ அப்ப வரும் அண்ணி. மணிக்காக நீங்க காத்திருக்க வேணாம்."

"இல்ல, தானா வராதா? ஆறரைக்கு?"

"அதான் சொல்றேன்ல. ஆறரைக்கும் வரும், ஏழரைக்கும் வரும், காலையில நாலு மணிக்கும் வரும். உங்க இஷ்டம்."

"சரி" என்றார். எனக்கு அந்தச் 'சரி' போதுமானதாக இருந்தது. பெட்டியின் அட்டைகளை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மகளே, இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். நீ படித்தவளாக, அவசரக்காரியாக, ஒருவருக்கு எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது அவர் 'சரி' என்றால், பெரும்பாலும் அதற்குப் பொருள் "நீ கேட்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டேன்" என்பதுதான். அங்கேயே நில். அவர் கேட்ட கேள்வியை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே இன்னொரு முறை உனக்குள் சொல்லிப் பார். "மணிக்கு வராதா" என்று ஒருவர் இரண்டு முறை கேட்டால், அவருக்கு மணி தேவைப்படுகிறது. இதைப் புரிந்துகொள்ள டிப்ளோமா தேவையில்லை. இருந்ததால்தான் எனக்குப் புரியவில்லையோ என்னவோ.

பழசுதான் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் மீது எனக்கு மரியாதை இல்லை. புதுப் பெட்டி வந்ததில் பெரியப்பாவுக்குத்தான் அதிக மகிழ்ச்சி. அந்த ரிமோட்டில் பேசினால் தேடிக் கொடுக்கும். கண் தெரியாதவருக்கு அது பெரிய விஷயம். இத்தனை வருடமாக யாராவது போட்டுவிட்டதைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது ரிமோட்டை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "மேடம், நல்ல பழைய பாட்டா ஒண்ணு போடுங்க" என்று மரியாதையாகக் கேட்பார். பாட்டு வரும். "தேங்க்யூ மேடம்" என்பார். "என்னைய ஒரு நாள் இப்படிக் கூப்பிட்டதில்ல" என்று பெரியம்மா அடுப்படியிலிருந்து சொல்வார். நான் இதைக் கேட்டுக் கேட்டுப் பெருமைப்பட்டேன். ஃபேக்டரியில் நண்பர்களிடம்கூடச் சொன்னேன்.

பிறகு பெரியம்மாவிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மொழி மாறிவிட்டது. எல்லாம் சின்னச் சின்ன விஷயம், எல்லாம் நான் வேலையில் இருக்கும் நேரம். அதில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

"அதே நாடகமே மறுபடியும் ஓடுது தம்பி. அடுத்த நாடகத்துக்குப் போகமாட்டேங்குது."

"பேக் அமுக்குங்க அண்ணி."

"அமுக்குனேன். எல்லாமே போயிருச்சு."

"சரி, ஞாயித்துக்கெழமை வரேன்."

என்ன நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பாகம் முடிந்ததும் பெட்டியில் நாடகம் ஓட்டுகிற ஆப் நிற்காது. அதே நாடகத்தின் அடுத்த பாகத்தைத் தானே ஆரம்பித்துவிடும். உள்ளே போய் ஒரு பொத்தானை அணைத்தால் போதும், அரை நிமிட வேலை. முதல் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் உனக்குச் சளிதான். எனக்குச் சலிப்பு. என் வேலையே பழுதைக் கேட்டு வாங்கிச் சரிசெய்வது. ஓர் ஆப்பரேட்டர் வந்து "ஒரே சிக்னல் ரெண்டு தடவ வருது அண்ணே" என்று சொன்னால் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். பெரியம்மா அதையேதான் சொன்னார். அவர் என்னுடைய அண்ணியாக இருந்ததால் நான் அதைப் பழுதாகக் கேட்கவில்லை, தொல்லையாகக் கேட்டேன்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பண்ணைக்கு உர லாரி தாமதமாக வந்ததால் பெரியம்மா வீடு திரும்ப நேரமாகிவிட்டது. குளித்துவிட்டு வந்து நாடகத்தைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். பாட்டு வந்தது. பெரியப்பா ஊசியைப் போட்டுக்கொண்டார். அடுப்பில் மீன் பாதி வெந்திருக்கும்போது கேஸ் தீர்ந்துபோனது. பெரியம்மா பின்பக்கம் போய்ப் புதுச் சிலிண்டரை உருட்டி வந்து மாட்டுவதற்குள் உள்ளே நாடகம் முடிந்துவிட்டது. பெரியப்பா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். ஆப் தன் வேலையைச் செய்தது. அடுத்த பாகத்தை ஆரம்பித்தது. அதே பாட்டு முழுச் சத்தத்தில் வந்தது. அவர் திடுக்கிட்டு விழித்து, பேனாவை எடுத்து, புது முனையை மாட்டி, பதினெட்டு டிக் எண்ணி, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

பெரியம்மா சோற்றுத் தட்டோடு வந்தபோது சர்க்கரை இறங்கி அவர் சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. தட்டைத் தள்ளிவிட்டாராம். பெரியம்மாவை எங்கள் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். பெரியம்மா எனக்குப் போன் செய்தார். நான் அப்போது ஒரு மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தேன், திரும்பப் பையில் போட்டேன். மறுபடியும் அதிர்ந்தது. விட்டுவிட்டேன். மூன்றாவது முறை எடுத்தேன். அவர் "தம்பி" என்றார். அவ்வளவுதான் அவரைச் சொல்லவிட்டேன். "அண்ணி, ரூட்டர அணச்சுட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க, நான் வேலையில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்த "தம்பி"யில் என்ன இருந்தது என்று எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது என் காது வேறு எங்கோ இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை. டின்னில் இருந்த இனிப்புக் கெட்டிப்பாலை எடுத்து அண்ணன் உதட்டுக்குள் விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவியபடியே வாசலுக்கு வந்து, எதிர் வீட்டு ஹாலிமைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார். ஹாலிமிடம் வேன் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன். அதில் படுக்கவைத்துச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்குத் தெரிந்ததே ஹாலிம் வழியில் மலாயில் கூப்பிட்டுச் சொன்னபோதுதான். நான் கை கழுவாமல் மோட்டாரை எடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் பெரியம்மா நின்றிருந்தார். வீட்டில் போடுகிற ரப்பர் செருப்பு, கையெல்லாம் பால் பிசுக்கு. என்னைப் பார்த்தார். நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "கொஞ்சம் வெவரமா சொல்லியிருக்கலாம்ல அண்ணி." எழுதவே கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பேச ஆரம்பித்தார், நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆனால் முன்பிருந்த வேகம் பேச்சில் இல்லை. சில வார்த்தைகளைத் தேடுவார். உனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து பெரியப்பா மெதுவாகத்தான் பேசுவார் என்று நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை. லாரி ஓட்டுகிற காலத்தில் அவர் பேச ஆரம்பித்தால் அடுத்தவருக்கு இடம் கிடைக்காது.

வார்டில் நான் அவரைக் குறுக்குக் கேள்வி கேட்டேன். "எப்படிண்ணே ரெண்டு தடவ போட்டீங்க? பேனாவுல மருந்து ரொம்பக் கொறஞ்சிருக்கு, பாத்தேன்."

"ரெண்டு தடவையா?" அவருக்கே தெரியவில்லை. "பாட்டு வந்துச்சு. போட்டேன்."

"என்ன பாட்டு?"

"நாடகப் பாட்டுடா."

பெரியம்மா கட்டிலின் கால்மாட்டில் அவருடைய கைலியை மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. முதல் நாடகத்தின் பாட்டு வந்தால் ஊசி. நடுவில் விளம்பரம் வந்தால் பெரியம்மா சோறு வடிப்பார். இரண்டாவது நாடகத்தின் பாட்டு வந்தால் தட்டு வரும். நடுவில் சரியாக அரை மணி நேரம். கண் தெரியாதவரும் அடுப்படியில் நிற்கிறவரும் ஒரே சத்தத்தைக் கேட்டு ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். "போட்டாச்சா?" என்று அவர் கேட்டதில்லை, "சாப்பாடு எங்க?" என்று இவர் கேட்டதில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததும் இல்லை. அது அவர்கள் பழகிய முறை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு மணி அடித்தால் போய் வரிசையில் நிற்பது, சங்கு ஊதினால் வேலையை விடுவது என்று சின்ன வயதிலிருந்து வெளியிலிருந்து வருகிற சத்தத்துக்குத்தான் அந்தத் தோட்டத்தில் கை கால் அசைந்திருக்கிறது. கூரையில் இருந்த டிஷ் அவர்களுக்கு நாடகம் காட்டுகிற பொருள் என்று நான் நினைத்தேன். அது அவர்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்போதும் நான் விடவில்லை. என் புத்தி அப்படி. வார்டுக்கு வெளியே பெரியம்மாவிடம் கேட்டேன். "அப்ப மழ பேஞ்சா என்ன செஞ்சீங்க? டிவிதான் வராதே."

"மழ பேஞ்சா பக்கத்துச் சுராவுல தொழுகைக்குப் பாங்கு சொல்றது கேக்கும். அதுக்கப்புறம் அவரு போட்டுக்குவாரு. நான் சோறு கொஞ்சம் லேட்டா வைப்பேன்."

அதற்கும் வைத்திருந்தார்கள். ஒன்று நின்றால் இன்னொன்று. ஃபேக்டரியில் இதற்குத் தனியாகக் கூட்டம் போட்டு, படம் வரைந்து, ஆறு பேர் கையெழுத்துப் போடுவோம். அந்தச் செவ்வாய்க்கிழமை மழை இல்லை, டிவியும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் பாங்கை யாரும் கவனிக்கவில்லை.

"இத ஏன் என்கிட்ட சொல்லல அண்ணி?"

"மணிக்கு வராதான்னு கேட்டேன்ல தம்பி."

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

வேலையில் நான் இப்படி இல்லை, மகளே. ஒரு மெஷினில் எதற்கென்றே தெரியாத ஒரு வயர் தொங்கினாலும் அதை வெட்டமாட்டேன். அது எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்று கடைசி முனை வரைக்கும் தொடர்ந்து போய்ப் பார்ப்பேன். அந்த மெஷினில் நிற்கிற ஆளைக் கூப்பிட்டு, "இது இல்லாட்டி உனக்கு என்ன ஆகும்?" என்று கேட்பேன். புதிதாக வருகிற பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் விஷயமே அதுதான். அண்ணன் வீட்டில் மட்டும் ஏன் கேட்கவில்லை? அங்கே இரண்டு பேர் நாடகம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். நாடகம் பார்க்கிறவர்களிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் துணி காயப்போட்டுக்கொண்டே, "நீங்க வீட்டுல யார்கிட்டயும் கேள்வி கேட்டு நான் பாத்ததில்லலா. பதில்தான் சொல்வீங்க" என்றாள். அதற்கும் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய் அந்தப் பொத்தானை அணைத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரும்ப டிஷ் போட்டுத்தருகிறேன் என்றேன். பெரியப்பா வேண்டாம் என்றார். "மேடத்த விட்டுட்டு எப்படிடா இருக்குறது" என்று மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொல்லிச் சிரித்தார். நேரம் சொல்கிற கடிகாரம் வாங்கிக்கொண்டு போனேன், தமிழில் பேசாது, மலாயில் பேசும். பெரியம்மா அதை வாங்கி அலமாரி மேல் வைத்தார். அவர் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பேனா ஊசிக்கு ஒவ்வொரு முறையும் புது முனை மாட்ட வேண்டும் இல்லையா, அந்த முனைகளையெல்லாம் எடுத்து உள்ளே பூட்டி வைத்துவிட்டார். வேலைக்குப் போகும்போது ஒரே ஒரு முனையை ஒரு கிண்ணத்தில் போட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். கிண்ணத்தில் கை விட்டால் முனை இருந்தால் இன்னும் போடவில்லை, இல்லாவிட்டால் போட்டாயிற்று. பாட்டு பத்து முறை வந்தாலும் இரண்டாவது ஊசிக்கு வழியில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்தேன். பத்து வருட வேலையில் அவ்வளவு சுத்தமான பாதுகாப்பு நான் எந்த மெஷினுக்கும் போட்டதில்லை.

ஆனால் பெரியம்மா எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார். கோபம் இல்லை. போனால் எப்போதும் போல "சாப்புட்டியா தம்பி" என்பார், மீன் துண்டில் பெரியதை எனக்குத்தான் வைப்பார். போன் மட்டும் வரவில்லை. தண்ணீர்க் குழாய் வெடித்தது, ஹாலிமைக் கூப்பிட்டார். ரூட்டர் கெட்டுப்போய் ஒரு வாரம் நாடகமே இல்லாமல் இருந்திருக்கிறார்கள். நான் போனபோது தற்செயலாகத்தான் தெரிந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றேன். "நீ வேலையில இருப்ப" என்றார். எட்டு மாதம். ஒரு நாளைக்கு நாலு முறை வந்து என்னை எரிச்சல்படுத்திய பெயர் என் போனில் எங்கோ கீழே போய்விட்டது. யாராவது உன்னைத் தொல்லை செய்கிறார்கள் என்று உனக்குத் தோன்றினால், அவர்கள் இன்னும் உன்னை நம்புகிறார்கள் என்று எடுத்துக்கொள். என்னைச் சோதித்துப் பார்த்து, இவன் எடுக்கமாட்டான் என்று முடிவு செய்துவிட்ட ஒருவர் என் வீட்டிலேயே, என்னை வளர்த்த வீட்டிலேயே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு நான் எட்டு மாதம் வேலைக்குப் போய் வந்தேன்.

போன வாரம் பினாங்குப் பயிற்சிக்கு என் பெயர் வந்தது. உன்னை விடுவதற்கு வேறு இடம் இல்லை. வேறு இடத்தில் விட எனக்கு மனமும் இல்லை. பெரியம்மா இப்போது பண்ணையில் அரை நாள் வேலைதான் செய்கிறார், அதுவரைக்கும் ஹாலிமின் மனைவி பார்த்துக்கொள்வார் என்று உன் அம்மா எல்லாவற்றையும் பேசி வைத்திருந்தாள். ஆனால் கேட்க வேண்டியவன் நான். போய் உட்கார்ந்தேன். நீ பெரியப்பா மடியில் ஏறி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தாய். நான் முதல் முறையாக அந்த வீட்டில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் கேட்டேன்.

"அண்ணி, பிள்ளைய ஆறு மாசம் உங்ககிட்ட விட்டுட்டுப் போகட்டுமா? முடியாதுன்னா சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்."

பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "பிள்ளைய விடு. அதுல என்ன இருக்கு." இன்னும் இரண்டு தண்டை ஆய்ந்தார். "ஆனா ஒண்ணு தம்பி. பிள்ள என்கிட்ட இருக்கும்போது நான் ஒனக்குப் போன் அடிப்பேன். காய்ச்சலுக்கும் அடிப்பேன், கத்திரிக்கா வெலைக்கும் அடிப்பேன். எடுக்கணும்."

"எடுப்பேன் அண்ணி."

"மூணாவது தடவ இல்ல. மொத தடவ."

"மொத தடவ."

"எடுத்துட்டு நான் பேசணும். நீ இல்ல."

பெரியப்பா அங்கிருந்து, "எழுதி வாங்கிக்க லெட்சுமி, இஞ்சினியருங்க எழுதிக் குடுத்தாதான் செய்வாங்க" என்றார். அந்த வாக்கியத்தை முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். முடிந்ததும் பெரியம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முந்தாநாள் ஃபேக்டரியில் பெரிய லைன் ஒன்று நின்றுவிட்டது. இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், சூப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிறார், நான் மெஷினின் வயிற்றுக்குள் இருக்கிறேன். போன் அதிர்ந்தது. பெரியம்மா பெயர். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, நீ உன் அம்மாவோடு வீட்டில்தான் இருக்கிறாய், அங்கே உனக்கு ஒன்றும் ஆகியிருக்க முடியாது. இதெல்லாம் மனதில் ஓடியது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து எடுத்தேன்.

"சொல்லுங்க அண்ணி" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒண்ணும் இல்ல தம்பி. எடுக்குறியான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சூப்பர்வைசர் யார் என்று கேட்டார். எங்கள் அண்ணி என்றேன். அவசரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உன் அப்பா